பெனலாங் முனையில் ஒரு தகராறு

கட்டடங்களின் கதை – அத்தியாயம் 9

சென்ற அத்தியாயத்தில் பாரிஸின் ஈஃபில் கோபுரத்தைப் பார்த்தோம். 1887இல் எழுத்தாளர்களும் ஓவியர்களும் சேர்ந்து கையெழுத்திட்டுக் கண்டித்த அந்த இரும்புக் கூடு, இருபது ஆண்டு அனுமதி முடிந்து பிரிக்கப்பட வேண்டிய நேரத்தில் கம்பியில்லாத் தந்தியின் தயவால் பிழைத்துக்கொண்டது. இன்று அது இல்லாத பாரிஸை யாராலும் நினைத்துப் பார்க்க முடியாது.

பழகப் பழகப் பாலும் புளிக்கும் என்பார்கள். கட்டடங்களுக்கு மட்டும் இந்தப் பழமொழி தலைகீழாகப் பொருந்தும் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். புதிதாக எது எழும்பினாலும் முதலில் ஊர் திட்டும், கொஞ்ச நாளில் பழகிவிடும், பிறகு அதையே தலையில் வைத்துக் கொண்டாடும் என்பது நம் நம்பிக்கை. ஈஃபில் கோபுரத்தை மட்டும் பார்த்தால் இது சரிதான். ஆனால் காலம் தானாகவே கருத்தை மாற்றிவிடுமா? இதற்கு விடை தேட இந்த வாரம் சிட்னிக்குப் போவோம். காலண்டர்களிலும் சினிமாப் பாட்டுகளிலும் நாம் எத்தனையோ முறை பார்த்துவிட்ட, கடலோரத்தில் வெள்ளைப் பாய் விரித்து நிற்கும் அந்த ஓபரா ஹவுஸுக்கு.

டிராம் கொட்டகை இருந்த இடம்

சிட்னித் துறைமுகத்துக்குள் நீண்டிருக்கும் ஒரு நிலமுனையின் பெயர் பெனலாங். அந்த மண்ணுக்கு உரியவர்களான காடிகல் மக்கள் வைத்த பெயர் துபோகுலே. ஆங்கிலேயர் வந்து குடியேறிய புதிதில், 1790இல், ஆளுநர் ஆர்தர் பிலிப் பெனலாங் என்ற பூர்வகுடி மனிதருக்கு இங்கே ஒரு சிறு வீடு கட்டிக்கொடுத்தார். பெயர் அப்படி வந்தது. பிற்பாடு அங்கே ஒரு கோட்டை எழும்பியது. அதை இடித்துவிட்டு டிராம் வண்டிகளுக்குக் கொட்டகை கட்டினார்கள். பழைய கோட்டையின் நினைவாகவோ என்னவோ, கொட்டகைக்கும் கோட்டை மாதிரியே கொத்தளம் வைத்தார்கள். 1950களில் டிராம்களின் காலம் முடிந்துகொண்டிருந்தது. நகரத்தின் மிக அழகான முனையில் பயனற்ற ஒரு கொட்டகை நின்றது.

அதன் மேல் கண் வைத்தவர் யூஜின் கூசன்ஸ். 1947இல் சிட்னி சிம்பொனி இசைக்குழுவை நடத்த வந்த ஆங்கிலேயர். பெரிய நகரம், நல்ல இசைக்குழு, ஆனால் கச்சேரி நடத்த டவுன் ஹாலைத் தவிர வேறு கதியில்லை. ஓர் ஓபரா அரங்கம் வேண்டும், அதுவும் பெனலாங் முனையில்தான் வேண்டும் என்று அவர் கேட்டவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

கேட்டுக்கொண்டவர் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் பிரதமர் ஜோ காஹில். தொழிலாளர் கட்சிக்காரர், ரயில்வே பட்டறையில் ஃபிட்டராக இருந்து அரசியலுக்கு வந்தவர். ஓபராவுக்கும் அவருக்கும் பார்வைக்கு எந்தச் சம்பந்தமும் இல்லை. ஆனால் நல்ல இசை பணக்காரர்களுக்கு மட்டும் உரியதல்ல என்ற எண்ணம் அவரைப் பிடித்துக்கொண்டது. 1954இல் கூட்டம் போட்டார். அடுத்து உலகப் போட்டி அறிவிக்கப்பட்டது.

போட்டிக்கு வரைபடங்கள் வந்துசேரும் முன்பே கூசன்ஸின் கதை முடிந்துவிட்டது. 1956 மார்ச்சில் வெளிநாட்டிலிருந்து திரும்பியவரின் பெட்டியில் தடைசெய்யப்பட்ட படங்கள் இருந்ததைச் சுங்க அதிகாரிகள் கண்டுபிடித்தார்கள். அவமானத்தோடு அவர் ஆஸ்திரேலியாவை விட்டுப் போனார். இந்தக் கட்டடத்தைக் கனவு கண்டவர்களை நாட்டைவிட்டு வழியனுப்பும் வழக்கம் அப்போதே தொடங்கிவிட்டது.

தாளில் மட்டும் இருந்த கட்டடம்

மொத்தம் 233 வரைபடங்கள் வந்தன. நடுவர்கள் நால்வர். அவர்களில் ஒருவர் அமெரிக்காவின் புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் ஈரோ சாரினென். 1957 ஜனவரி 29 அன்று முடிவு அறிவிக்கப்பட்டது. பரிசு 5,000 பவுண்டு. வென்றவர் டென்மார்க்கைச் சேர்ந்த யோர்ன் உட்சன், வயது 38. அதற்குள் அவர் பெயர் சொல்லும்படியான பெரிய கட்டடம் எதையும் கட்டியிருக்கவில்லை. சிட்னியைக் கண்ணால் பார்த்ததும் இல்லை. கப்பல் வடிவமைப்பாளரின் மகன் என்பதால் கடல் வரைபடங்களைப் படிக்கத் தெரியும். அவற்றை வைத்தே பெனலாங் முனையின் ஏற்ற இறக்கங்களைக் கணித்திருந்தார்.

அவர் அனுப்பியது முழுமையான திட்டமல்ல. கோட்டோவியங்கள் என்றே சொல்லலாம். கீழே அகன்ற ஒரு கல்மேடை, அதன்மேல் காற்றில் மிதப்பது போன்ற வளைந்த கூரைகள். 1949இல் மெக்சிகோவுக்குப் போனபோது, காட்டுக்கு மேலே உயர்ந்து நிற்கும் மாயா நாகரிகத்தின் மேடைகளில் ஏறிப் பார்த்தவர் உட்சன். மேடையில் ஏறியதும் காடு கீழே போய் வானம் திறந்துகொள்ளும் அந்த அனுபவத்தைத்தான் சிட்னிக்குக் கொண்டுவர நினைத்தார். கூரை எப்படி நிற்கும் என்று அப்போது அவருக்கே தெரியாது. பொறியாளர் யாரையும் கலந்துகொள்ளாமல் வரைந்தது அது.

மறுநாள் பத்திரிகைகளில் படம் வந்தது. ஊர் இரண்டுபட்டது. சர்க்கஸ் கூடாரம் என்றார்கள். டென்மார்க்காரர் சுட்ட இனிப்புப் பன் என்றார்கள். கன்னியாஸ்திரீகள் ரக்பி ஆடக் குனிந்து நிற்கிறார்கள் என்றார்கள். அமெரிக்கக் கட்டடக் கலையின் பிதாமகரான ஃபிராங்க் லாயிட் ரைட், தொண்ணூறை நெருங்கிய வயதில், தன் பங்குக்குப் பரிகாசம் செய்தார். மறுபக்கம், இதுவரை காணாத அழகு என்று உருகிக் கடிதம் எழுதியவர்களும் உண்டு.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ரசித்தவர்களும் சிரித்தவர்களும் தீர்ப்புச் சொன்னது ஒரு கட்டடத்தைப் பற்றி அல்ல, ஒரு படத்தைப் பற்றி. கட்டடம் என்று ஒன்று அப்போது இல்லவே இல்லை.

லாட்டரிச் சீட்டில் எழுந்த சுவர்

அரசு அறிவித்த மதிப்பீடு 35 லட்சம் பவுண்டு. பாதி வரைந்த படத்தை வைத்து அவசரமாகப் போட்ட கணக்கு அது. 1963 ஜனவரி 26, ஆஸ்திரேலிய தினத்தன்று கட்டி முடித்துவிடலாம் என்றார்கள்.

காஹிலுக்குச் சொந்தக் கட்சியிலேயே எதிர்ப்பு. ஆஸ்பத்திரிக்குக் கட்டில் இல்லை, தொழிலாளிக்கு வீடு இல்லை, ஓபராவுக்கு மாளிகையா என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். காஹில் அதற்கு ஒரு தந்திரமான விடை வைத்திருந்தார்: வரிப்பணத்தைத் தொடமாட்டேன், லாட்டரி நடத்துகிறேன். 1957 இறுதியில் ஓபரா ஹவுஸ் லாட்டரி தொடங்கியது. இத்தாலிய மொழியில் பாடும் பாட்டை ஆயுளில் கேட்டிராத மனிதர்கள், பரிசு ஆசையில் சீட்டு வாங்கி அந்தக் கூரைக்குக் காசு கொடுத்தார்கள்.

அந்த லாட்டரி ஒரு கறையையும் விட்டுச்சென்றது. 1960இல் ஒரு குடும்பத்துக்கு ஒரு லட்சம் பவுண்டு விழுந்தது. வென்றவர்களின் பெயரையும் முகவரியையும் பத்திரிகையில் போடுவது அந்நாளைய வழக்கம். சில வாரங்களில் அந்த வீட்டின் எட்டு வயதுப் பையன் பள்ளிக்குப் போகும் வழியில் கடத்தப்பட்டுக் கொல்லப்பட்டான். ஆஸ்திரேலியாவே அதிர்ந்தது. பரிசு பெறுவோர் பெயரை வெளியிடாமல் இருக்கும் நடைமுறை அதன் பிறகே வந்தது. ஓபரா ஹவுஸ் என்ற பெயர் அந்த நாட்களில் எத்தனை வீடுகளில் கசப்போடு உச்சரிக்கப்பட்டிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

1959 மார்ச் 2 அன்று வேலை தொடங்கியது. வரைபடங்கள் முடியவில்லை, கூரையின் கணக்கு முடியவில்லை, ஆனாலும் காஹில் காத்திருக்கத் தயாராக இல்லை. ஆட்சி மாறினால் திட்டத்தைக் குழிதோண்டிப் புதைத்துவிடுவார்கள் என்ற பயம் அவருக்கு. பயந்தது வீண்போகவில்லை. அதே ஆண்டு அக்டோபரில் அவர் இறந்துபோனார். அதற்குள் நிறுத்த முடியாத அளவுக்குத் தோண்டியாகிவிட்டது.

அவசரத்துக்கு விலை கொடுக்க வேண்டியிருந்தது. கூரையின் எடை தெரியாமலே கட்டிய தூண்கள் பின்னால் போதாமல் போயின. அவற்றை உடைத்துவிட்டுத் திரும்பக் கட்டினார்கள். கூரைதான் பெரிய தலைவலி. பொறியியலைக் கவனித்தது லண்டனின் ஓவ் அரப் நிறுவனம். உட்சன் கைபோன போக்கில் வரைந்த வளைவுகள் எந்தக் கணித வடிவத்துக்கும் கட்டுப்படவில்லை. ஒவ்வொரு விலா எலும்புக்கும் தனித்தனி அச்சு செய்தால் செலவு வானத்தைத் தொடும். பரவளையம், நீள்வளையம் என்று பல வடிவங்களைப் போட்டுப் பார்த்தார்கள். கணினியையும் துணைக்கு அழைத்தார்கள். கட்டடப் பொறியியலில் கணினி நுழைந்த ஆரம்ப நாட்கள் அவை.

1961இல் வழி பிறந்தது. எல்லாக் கூரைகளையும் 75 மீட்டர் ஆரமுள்ள ஒரே கோளத்திலிருந்து வெட்டியெடுத்தால்? ஒரே ஆரஞ்சின் தோலிலிருந்து சிறிதும் பெரிதுமாகப் பல துண்டுகள் உரிப்பது மாதிரி. துண்டுகளின் அளவு வேறு, வளைவு ஒன்றே. வளைவு ஒன்று என்றால் அச்சும் சிலவே போதும்; தரையில் வார்த்து மேலே தூக்கிப் பொருத்தலாம். மேலே பதிக்கச் சுவீடனின் ஹோகனாஸ் ஆலையிலிருந்து பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பீங்கான் ஓடுகள் வந்தன. தூரத்திலிருந்து பார்த்தால் ஒரே வெள்ளை. அருகே போனால் பளபளப்பும் மங்கலுமாக இருவகை.

வேலை நடந்த இடத்தில் இருந்தவர்களுக்கு அதன் அருமை புரிந்திருந்தது. 1960 நவம்பரில் அமெரிக்கக் கறுப்பினப் பாடகர் பால் ரோப்சன் சிட்னிக்கு வந்தபோது கட்டுமானத் தொழிலாளர்கள் அவரை வரவழைத்தார்கள். சாரங்களுக்கு நடுவே, தலைக்கவசம் அணிந்து உட்கார்ந்திருந்தவர்கள் முன் அவர் பாடினார். ஓபரா ஹவுஸில் நடந்த முதல் கச்சேரி அதுதான் என்று சிட்னிக்காரர்கள் இன்றும் பெருமையாகச் சொல்வார்கள்.

வெளியே இருந்தவர்களுக்குத் தெரிந்ததோ இரண்டே விஷயம்: தேதி தள்ளிப்போகிறது, கணக்கு ஏறுகிறது. 1960களில் சிட்னி திட்டியது கூரையின் வடிவத்தை அல்ல. அதன் பில்லை.

1966, பிப்ரவரி 28

1965 தேர்தலில் 24 ஆண்டுத் தொழிலாளர் கட்சி ஆட்சி விழுந்தது. ராபர்ட் ஆஸ்கின் பிரதமரானார். ஓபரா ஹவுஸ் வீண்செலவு என்பது அவருடைய பிரசாரத்தில் ஒரு முக்கியக் குற்றச்சாட்டு. பொதுப்பணித் துறை அமைச்சர் டேவிஸ் ஹியூஸ் கையில் கஜானாச் சாவி வந்தது. இனிமேல் ஒவ்வொரு காசுக்கும் என் கையெழுத்து வேண்டும் என்றார் ஹியூஸ்.

உட்சன் உள்ளரங்கின் கூரையைப் பிளைவுட் பலகையில் அமைக்க விரும்பினார். அதற்கு முழு அளவு மாதிரி செய்து பார்க்க வேண்டும் என்றார். அமைச்சர் பணம் தர மறுத்தார். முழு வரைபடம் கொடு, பிறகு பணம் என்றார் இவர்; மாதிரி செய்து பார்க்காமல் வரைபடம் எப்படி முடியும் என்றார் அவர். செய்த வேலைக்கான கட்டணமும் நிலுவையில் நின்றது. தன் அலுவலக ஊழியர்களுக்குச் சம்பளம் கொடுக்க முடியாத நிலையில், 1966 பிப்ரவரி 28 அன்று உட்சன் விலகுவதாக எழுதிக்கொடுத்தார். ஹியூஸ் தயங்காமல் ஏற்றுக்கொண்டார்.

உட்சன் மீது தவறே இல்லையா? இருந்தது. வரைபடங்களை நேரத்துக்குத் தரவில்லை. அரப் நிறுவனப் பொறியாளர்களோடும் உறவு கெட்டுப்போயிருந்தது. ஒரு கலைஞனின் பிடிவாதமும் ஓர் அதிகாரியின் கறாரும் மோதினால் சமரசம் செய்துவைக்க நடுவில் ஒருவர் வேண்டும். காஹில் இருந்தவரை அந்த இடத்தில் அவர் இருந்தார்.

மார்ச் 3 அன்று ஏறத்தாழ ஆயிரம் பேர் சட்டமன்றத்தை நோக்கி ஊர்வலம் போனார்கள். உட்சனைத் திரும்பக் கூப்பிடு என்பது கோஷம். முன்னால் நின்றவர்களில் ஒருவர் கட்டடக் கலைஞர் ஹாரி சைட்லர். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும். அரசு அசையவில்லை. ஏப்ரல் 28 அன்று உட்சன் குடும்பத்தோடு சத்தமில்லாமல் விமானம் ஏறினார். அதன் பிறகு 42 ஆண்டுகள் உயிரோடு இருந்தார். ஆஸ்திரேலிய மண்ணை ஒருமுறைகூட மிதிக்கவில்லை. தான் வடிவமைத்த கட்டடத்தை முடிந்த நிலையில் அவர் நேரில் பார்த்ததே இல்லை.

ஊதாரி என்று விரட்டப்பட்டவர் போகும்போது ஆகியிருந்த செலவு ஏறத்தாழ 2.29 கோடி டாலர். கட்டி முடிக்கும்போது ஆன மொத்தச் செலவு 10.2 கோடி டாலர். முக்கால் பங்குக்கும் மேலே அவர் போன பிறகுதான் செலவானது. மிச்சமிருந்த வேலை பெரிது, விலைவாசியும் ஏறியது என்பது உண்மை. ஆனால் ஊதாரியை அனுப்பிவிட்டால் செலவு அடங்கிவிடும் என்று நம்பிய வாக்காளர்களுக்கு இந்தக் கணக்கு என்ன சொல்லியிருக்கும்?

பெயர் இல்லாத திறப்பு விழா

மிச்ச வேலையை ஏற்றுக்கொண்ட குழுவில் வடிவமைப்புப் பொறுப்பு 34 வயதுப் பீட்டர் ஹாலுக்கு. உட்சன் தொடர வேண்டும் என்ற மனுவில் கையெழுத்துப் போட்டவர்தான் அவரும். உட்சனின் நாற்காலியில் உட்கார்ந்ததற்காகச் சக கட்டடக் கலைஞர்கள் பலர் அவரை மன்னிக்கவே இல்லை.

அவருக்குக் கிடைத்த வேலை லேசானதல்ல. பெரிய அரங்கம் ஓபராவுக்கும் சிம்பொனிக்கும் பொதுவாக இருக்க வேண்டும் என்பது முதல் திட்டம். ஒலியின் தேவை இரண்டுக்கும் வெவ்வேறு, இருக்கைகளும் போதவில்லை. இசைக்குழுவை நடத்திவந்த ஒலிபரப்பு நிறுவனம் அழுத்தம் கொடுக்கவே, பெரிய அரங்கம் சிம்பொனிக்கு மட்டும் என்று முடிவானது. அங்கே ஏற்கெனவே பொருத்தியிருந்த மேடை இயந்திரங்களைப் பிய்த்தெறிந்தார்கள். ஓபரா, நாடகத்துக்காக வைத்திருந்த சிறிய அரங்கத்துக்குத் தள்ளப்பட்டது. ஓபரா ஹவுஸ் என்று பெயர் வைத்த மாளிகையில் ஓபராவுக்கு இரண்டாம் இடம். வாத்தியக்காரர்கள் உட்காரும் பள்ளம் நெருக்கியடித்துக்கொள்ளும் அளவுக்குச் சிறியது.

1973 அக்டோபர் 20. ராணி எலிசபெத் வந்து திறந்துவைத்தார். பீத்தோவனின் ஒன்பதாம் சிம்பொனி, வாணவேடிக்கை, துறைமுகம் முழுக்கப் படகுகள். பெனலாங்காக வேடமேற்ற ஒரு பூர்வகுடி நடிகர் கூரையின் உச்சியில் நின்று பேசினார். நிலத்துக்குப் பெயர் கொடுத்தவருக்கு அன்று ஒரு குரல் கிடைத்தது. கட்டடத்துக்கு உருவம் கொடுத்தவரின் பெயரை மேடையில் யாரும் சொல்லவில்லை.

ஊரின் பார்வை இந்த இடத்தில்தான் திரும்பத் தொடங்குகிறது. முதலில் மாறியது துறைக்காரர்களின் மனம்: அதே 1973இல் ஆஸ்திரேலியக் கட்டடக் கலைஞர் சங்கம் உட்சனுக்குத் தங்கப் பதக்கம் கொடுத்தது. அடுத்து கடன் தீர்ந்தது. 1975க்குள் லாட்டரிப் பணமே பெரும்பாலான செலவை அடைத்துவிட்டது. பவுண்டை டாலராக மாற்றிப் பார்த்தால், முதல் மதிப்பீட்டைப்போல 14 மடங்குக்கும் மேல் விழுங்கிய கட்டடம், ஆனால் வீட்டு வரி ரசீதில் அதன் சுவடு இல்லை. கோபத்துக்குப் பிடிமானம் போய்விட்டது.

மூன்றாவது காரணம் அந்தப் படிக்கட்டு. ஓபராவுக்கு டிக்கெட் வாங்குகிறவர்கள் ஊரில் எத்தனை பேர்? ஆனால் அகன்ற அந்தக் கல்படிகளில் ஏறி உட்கார யாரும் காசு கேட்பதில்லை. மெக்சிகோவில் உட்சன் கண்ட மேடை, சிட்னியில் ஊர்ப் பொதுத் திண்ணையாக மாறியது. மதியச் சாப்பாட்டுப் பொட்டலத்தோடு வருகிறவருக்கும் படகு பார்க்க வரும் குழந்தைக்கும் அது சொந்தம். உள்ளே ஒலி சரியில்லை என்று இசைக்காரர்கள் புலம்பிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், வெளியே உட்கார்ந்தவர்கள் கட்டடத்தை நேசிக்கத் தொடங்கிவிட்டார்கள். 2011இல் ஓர் இசை இதழ் நாட்டின் இருபது அரங்குகளின் ஒலித்தரத்தை வரிசைப்படுத்தியபோது, இங்குள்ள ஓபரா அரங்குக்குக் கிடைத்தது கடைசி இடம். அதனால் ஒரு சுற்றுலாப் பயணிகூடக் குறையவில்லை. கச்சேரி அரங்கின் ஒலியைச் சீர்செய்து, மறுபடி திறக்க 2022 வரை ஆயிற்று.

சமரசமும் காவலும்

அங்கீகாரமும் படிப்படியாகத்தான் வந்தது. 1981இல் உலகப் பாரம்பரியப் பட்டியலுக்கு ஓபரா ஹவுஸை ஆஸ்திரேலியா முன்மொழிந்தபோது, கட்டிப் பத்து ஆண்டுகூட ஆகாத ஒன்றை எப்படி மதிப்பிடுவது என்ற தயக்கத்தில் அது நின்றுபோனது. 2007 ஜூனில் பட்டியலில் ஏறியது. உட்சன் அப்போது உயிரோடு இருந்தார். தான் படைத்த கட்டடம் அந்தப் பட்டியலில் ஏறுவதைக் கண்ட மற்றொருவர் பிரசிலியாவின் ஆஸ்கர் நீமேயர்.

அதற்கு முன்பே, 1999இல், மாநில அரசு உட்சனோடு சமாதானம் செய்துகொண்டது. இனி இந்தக் கட்டடத்தில் எந்த மாற்றம் செய்தாலும் வழிகாட்டியாக இருக்க, அடிப்படை நெறிகளை எழுதித்தரக் கேட்டார்கள். அவர் எழுதிக்கொடுத்தார். மகன் யான் சிட்னிக்கும் டென்மார்க்குக்கும் நடுவே பாலமாக இருந்தார். 2003இல் கட்டடக் கலையின் உச்ச விருதான பிரிட்ஸ்கர் பரிசு உட்சனுக்கு வந்தது. 2004இல் அவர் வடிவமைத்த உள்ளறை ஒன்று அவர் பெயரிலேயே திறக்கப்பட்டது. மொத்த வளாகத்திலும் அவர் மனதில் நினைத்தபடியே உள்ளும் முடிந்தது அந்த ஓர் அறைதான். 2008 நவம்பர் 29 அன்று அவர் காலமானார்.

இவை அரசும் அறிஞர்களும் செய்தவை. ஊர் எங்கே நிற்கிறது என்பது வேறு விதமாகத் தெரிந்தது. 1990களில், ஓபரா ஹவுஸுக்குப் போகும் வழியில் ஒரு பெரிய அடுக்குமாடி எழும்பியபோது, பார்வையை மறைக்கிறதே என்று மக்கள் தெருவில் இறங்கினார்கள். ரொட்டி வாட்டும் டோஸ்டர் என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். அந்தப் பெயர் இன்னும் போகவில்லை. 2003 மார்ச்சில் ஈராக் போருக்கு எதிராக இருவர் கூரையில் ஏறிப் போர் வேண்டாம் என்று சிவப்பு வண்ணத்தில் எழுதினார்கள். உலகம் பார்க்க வேண்டுமென்றால் எங்கே எழுத வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

2018 அக்டோபரில் நடந்தது இன்னும் துலக்கமானது. எவரெஸ்ட் என்ற குதிரைப் பந்தயத்தின் விளம்பரத்தைக் கூரைமீது ஒளிபரப்பப் பந்தயக்காரர்கள் கேட்டார்கள். வண்ணம் மட்டும் காட்டலாம், எழுத்தும் சின்னமும் கூடாது என்றது நிர்வாகம். வானொலி அறிவிப்பாளர் ஒருவர் நிர்வாகத் தலைவியை நேரலையில் கடுமையாகச் சாடினார். மாநிலப் பிரதமர் தலையிட்டு விளம்பரத்துக்கு வழிவிட்டார். சில நாட்களில் இரண்டு லட்சம் பேருக்கு மேல் கண்டன மனுவில் கையெழுத்திட்டார்கள். அக்டோபர் 9 இரவு விளம்பரம் கூரையில் விழுந்தபோது, கீழே திரண்டிருந்த கூட்டம் டார்ச்சுகளையும் கைபேசி விளக்குகளையும் அடித்து அதைக் கலைக்கப் பார்த்தது. 1957இல் சர்க்கஸ் கூடாரம் என்று சிரித்த ஊரின் பேரப்பிள்ளைகள், அதன் மேல் குதிரைப் பந்தய எண்கள் விழக்கூடாது என்று காவல் காத்தார்கள்.

பக்கத்திலேயே இரண்டு சாட்சிகள்

இனி நாம் தொடங்கிய கேள்விக்கு வருவோம். அறுபது ஆண்டுகளில் சிட்னியின் மனம் மாறியது காலத்தாலா?

ஓபரா ஹவுஸிலிருந்து சில நிமிடம் நடந்தால் சர்க்குலர் கீ. அங்கே ரயில் நிலையத்தின் தலைமேல் ஒரு மேம்பாலச் சாலை போகிறது. 1958இல் திறந்தது. பெயர் காஹில் எக்ஸ்பிரஸ்வே. ஆம், அதே ஜோ காஹில்தான். ஒரே கரை, ஒரே காலம், ஒரே தலைவர். ஓபரா ஹவுஸைவிட வயதில் மூத்தது. ஆனால் நகரத்துக்கும் கடலுக்கும் நடுவே கான்கிரீட் சுவராக நிற்கும் அதை அன்றும் ஊர் வெறுத்தது, இன்றும் வெறுக்கிறது. 1990களில் அதை இடித்துவிடலாம் என்ற பேச்சு அரசியல் தலைவர்கள் மட்டத்திலேயே எழுந்தது.

இரண்டாவது சாட்சி எதிர்க்கரையில். 1962இல் கட்டிய புளூஸ் பாயின்ட் டவர், தண்ணீரோரத்தில் தனித்து நிற்கும் 24 மாடிக் குடியிருப்பு. சிட்னியின் அசிங்கமான கட்டடம் எது என்ற பேச்சு வந்தால் தவறாமல் அடிபடும் பெயர். வடிவமைத்தவர், உட்சனுக்காக ஊர்வலம் போன ஹாரி சைட்லர். கடைசிவரை அவர் அதை விட்டுக்கொடுக்கவில்லை. உள்ளாட்சி அதைப் பாரம்பரியப் பட்டியலில்கூடச் சேர்த்துவிட்டது. கட்டடக் கலை படித்தவர்கள் அதன் ஒழுங்கைப் புகழ்வார்கள். ஊர் இன்னும் சமாதானமாகவில்லை.

மூன்றுக்கும் காலம் ஒரே அளவுதான் கிடைத்தது. ஒன்றுக்குக் கிடைத்த அன்பு மற்ற இரண்டுக்கும் கிடைக்கவில்லை. மேம்பாலம் காரில் போகிறவருக்கு ஒரு நிமிடக் காட்சியைத் தந்துவிட்டு நடந்து போகிறவரிடமிருந்து கடலைப் பறித்தது. கோபுரம் தன் வீட்டு ஜன்னல்களுக்குள் கடலை வைத்துக்கொண்டது. வெளியே நிற்பவருக்குத் தந்தது தன் முதுகை. ஓபரா ஹவுஸ் மட்டுமே, உள்ளே வராதவருக்கும் ஏறி உட்கார ஓர் இடம் கொடுத்தது.

இன்னொன்றும் உண்டு. ஊர் ஒரே பொருளைப் பற்றிக் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை. 1957இல் அதன் முன் இருந்தது ஒரு படம், 1963இல் ஒரு பில், 1966இல் ஒரு மனிதர், 1973இல் ஓர் அரங்கம், 2018இல் தன் முகம். ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு தீர்ப்பு. அரங்கைப் பற்றிய புகார் சரியாகவே இருந்தது. அதைச் சீர்செய்யப் பல கோடி செலவானதே அதற்குச் சான்று. பில்லைப் பற்றிய கோபமும் பொய்யில்லை. மனிதருக்கு இழைத்தது தவறு என்று மட்டும் பின்னால் ஒப்புக்கொண்டார்கள். ஆகவே, அன்றைய மக்கள் ரசனை கெட்டவர்கள், இன்றையவர்கள் தெளிந்தவர்கள் என்று நாம் எழுதிவிட முடியாது. திட்டிய கட்டடங்களெல்லாம் ஒருநாள் கொண்டாடப்படும் என்று இன்று கட்டுகிறவர்கள் தைரியம் சொல்லிக்கொள்ளவும் இதில் இடமில்லை. அப்படிச் சொல்லிக்கொள்ள விரும்புகிறவர்கள் சர்க்குலர் கீ நிலையத்தில் இறங்கி ஒருமுறை தலையை உயர்த்திப் பார்க்கலாம்.

அடுத்த அத்தியாயத்தில் மறுபடியும் பாரிஸ். குடல்களையெல்லாம் வெளியே போட்டுக்கொண்டு 1977இல் திறந்த ஒரு கட்டடம்: நீலக் குழாயில் காற்று, பச்சைக் குழாயில் தண்ணீர், மஞ்சளில் மின்சாரம். எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை என்று பத்திரிகைகள் கேலி செய்துகொண்டிருந்தபோதே, மக்கள் ஆயிரக்கணக்கில் உள்ளே நுழைந்துவிட்டார்கள். விமர்சகர்களுக்கு முன்பே ஊர் தீர்ப்புச் சொன்ன பொம்பிடு மையத்தின் கதை அது.